வெயிலுக்கு ஏமாறாத தொட்டி

தம்பியின் வேலையைப் பற்றி யாராவது விசாரித்தால் போதும், அக்காவுக்கு முகம் மலர்ந்துவிடும். "வண்டி செய்யறான்" என்பாள். எந்த வண்டி என்று கேட்டால், "எல்லா வண்டியும்தான்" என்பாள். உண்மையில் அவன் செய்வது பானெட்டைத் திறந்தால் ஓரமாகத் தெரியும் ஒரு பால் நிறப் பிளாஸ்டிக் தொட்டி. எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் தண்ணீரில் மிஞ்சியது அதில் இருக்கும். அதையும் அவன் செய்வதில்லை, வரைவான். செய்வது மிஷின். இந்த விவரமெல்லாம் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

ஆபீசில் அவனுக்குத் தொட்டிக்காரன் என்று பெயர். தொழில் அவனைத் தேடி வந்தது என்று சொல்வதைவிட, சின்ன வயதிலேயே அவன் அதன் வம்புக்குப் போய்விட்டான் என்று சொல்லலாம். ஃப்ரிட்ஜ் கதவை மூடியபின் உள்ளே விளக்கு அணைகிறதா, எரிந்துகொண்டே இருக்கிறதா என்று அவனுக்குச் சந்தேகம். கதவு ரப்பரில் ஆணியால் ஓட்டை போட்டுக் கண்ணை வைத்துப் பார்த்தான். விளக்கு அணைந்துதான் இருந்தது, ஆனால் கண்ணைக் கொஞ்சம் விலக்கியதும் ஓட்டை வழியாக ஒரு வெளிச்சக் கீற்று உள்ளே விழுந்தது. அப்பா கொடுத்த அறையில் கொஞ்ச நேரம் மற்ற விளக்குகள் தெரிந்தன. ஓட்டை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வெளிச்சம் அதைக் கண்டுபிடித்து உள்ளே வந்துவிடும் என்ற பாடத்தைத்தான் அவன் அதிலிருந்து எடுத்துக்கொண்டான். அப்பா சொல்லிக்கொடுக்க நினைத்த பாடம் வேறு.

தொட்டியின் அடியில் ஒரு சென்சார் இருக்கும். விரல் நுனி அளவில், கண்ணாடிபோல ஒரு கூம்பு. அது தானாகவே ஒரு துளி வெளிச்சத்தை விட்டுக்கொண்டிருக்கும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் வெளிச்சம் தண்ணீரோடு போய்விடும். தண்ணீர் இல்லாவிட்டால் கூம்புக்குள்ளேயே முட்டித் திரும்பி வரும். திரும்பி வந்தால் தொட்டி காலி, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சென்சாருக்குத் தன் வெளிச்சம் எது, ஊரான் வெளிச்சம் எது என்று தெரியாது. முன்பக்க இடுக்கு வழியாக வெயில் புகுந்து, பிளாஸ்டிக்கை ஊடுருவி அதன்மேல் விழுந்தால், தன்னுடையதுதான் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு "காலி, காலி" என்று கத்தும். கழுத்துவரை தின்றுவிட்டுப் பசிக்கிறது என்று அழும் பிள்ளை மாதிரி.

அந்தப் பிள்ளையோடு தினமும் மாரடித்தவர் அக்காவின் புருஷன். பார்சல் வேன் ஓட்டுபவர். காலை வண்டி அவருடையது, எதிரே சூரியன். ஆரம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். அது வழிந்து அவர் செருப்பில் கொட்டியது. பிறகு விளக்கைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். ஒரு நாள் தண்ணீர் நிஜமாகவே தீர்ந்து, எஞ்சின் கொதித்து நின்றது. அன்றைக்கென்று பார்சலில் யாருக்கோ ஐஸ்கிரீம் கேக் இருந்தது. மாமா வீடு வந்து சேர்ந்தபோது அவர் மடியில் பாதி கேக் உருகி வழிந்திருந்தது.

"மாப்ள, உன் தொட்டிக்கு என் பொண்டாட்டி எவ்வளவோ தேவலாம்" என்றார், சாப்பிட உட்கார்ந்ததும். "அவ காலின்னு சொன்னா நிஜமாவே காலியா இருக்கும்."

"என்ன காலி?" என்று சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"கேஸ் சிலிண்டரச் சொன்னேன்மா."

"அது எனக்கு முன்னாடி இருந்தவர் வரைஞ்ச தொட்டி மாமா" என்றான் தம்பி. "புதுசு நான் போடறேன். அது கத்தாது."

"கத்தினா?"

"கத்தாது மாமா."

"சரி, கத்தாது. நிஜமாவே தண்ணி தீர்ந்துபோய்க் கத்தினா, அப்பவும் நான் பாக்கப்போறதில்ல. அத என்ன பண்ணுவ?"

மாமா விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் தொட்டிக்காரன் வேலையின் மொத்தப் பிரச்சினையும் அந்தக் கேள்வியில் இருந்தது. விளக்கு எரியவேண்டிய நேரத்தில் மட்டும் எரியவேண்டும். அப்போதுதான் மனுஷன் அதை மதிப்பான். அதற்கு அவனிடம் ஒரு வழி இருந்தது. மாதக் கடைசியில் புதுத் தொட்டிக்கு அச்சு வெட்டுகிறார்கள். இரும்பில் வெட்டுவது, வெட்டிவிட்டால் சில வருஷத்துக்கு யாரும் கைவைக்க முடியாது. அதற்குள் அந்த வழி உள்ளே போயாக வேண்டும்.

ஆபீசில் மேலாளர் மேடத்திடம் இதைவிடச் சுலபமான வழி இருந்தது. "கறுப்பு பெயின்ட் அடி, வீட்டுக்குப் போ."

"அப்புறம் தண்ணி எவ்வளவு இருக்குன்னு வெளியிலேர்ந்து எப்படிப் பார்ப்பாங்க மேடம்?"

"அதுக்குத்தான லைட்டு இருக்கு."

"லைட்டத்தான் யாரும் நம்பலியே."

மேடம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "மாதக் கடைசி வரைக்கும் பாரு. இல்லாட்டி பெயின்ட்."

அவன் வழி இதுதான். வெளித்தொட்டி பழையபடி பால் நிறத்திலேயே இருக்கட்டும், கண்ணால் மட்டம் பார்க்கிறவன் பார்க்கட்டும். உள்ளே சென்சாருக்கு மட்டும் கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு கூடு. தண்ணீர் உள்ளே வர அடியில் ஒரு வளைந்த பாதை. தண்ணீர் வளைந்து வரும், வெளிச்சத்துக்கு வளையத் தெரியாது. முதல் மாதிரியைச் செய்து தண்ணீர் ஊற்றினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. அறை இருட்டாக இருந்தது, தொட்டி நிறைந்திருந்தது, ஆனாலும் எரிந்தது. கூட்டுக்குள் இருந்த காற்று வெளியே போக வழியில்லாமல் சென்சாரின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. "வெளிச்சம் இல்லாமலே பொய் சொல்ற அளவுக்கு வளத்துட்டீங்க" என்று பக்கத்து மேஜைக்காரன் பாராட்டினான்.

காற்று போகக் கூட்டின் மூடியில் ஓரமாக ஓர் ஓட்டை போட்டான். மறுபடி சோதனை அறைக்கு அனுப்பினான்.

சோதனை அறையில் சூரியனுக்குப் பதிலாக ஒரு ராட்சத விளக்கு. இரும்புக் கையில் தொங்கும், எந்தச் சாய்வுக்கும் திருப்பலாம். அதன்கீழ் உட்கார்ந்திருப்பவர் சோதனைக்காரர். தலையில் முடி கிடையாது, விளக்கோ அடுப்பு மாதிரி சுடும். அதனால் நாற்காலியின் முதுகில் ஒரு கறுப்புக் குடையைக் கட்டி விரித்து வைத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள், அப்புறம் பழகிவிடும். நாற்காலிக்குக் கால் இருப்பதுபோல அந்த நாற்காலிக்குக் குடை.

எல்லாச் சாய்விலும் தொட்டி பாஸ். மேடம் கையெழுத்துப் போட்டார், மேலிடத்துக்கும் சொல்லிவிட்டார்.

மறுநாள் தொட்டிக்காரன் சோதனை அறைக்குச் சும்மாதான் போனான். பெற்ற பிள்ளையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வரும் ஆசை. சோதனைக்காரர் டீக்குப் போயிருந்தார், குடையை மடக்கி வைத்துவிட்டு. இவன் விளக்கைப் போட்டு, அதன் இரும்புக் கையைத் திருப்பித் திருப்பி அழகு பார்த்தான். விளக்கு நன்றாகத் தாழ்ந்து, காலை வெயில்போலச் சாய்ந்த இடத்தில், தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போதே சிவப்பு எரிந்தது.

கதவு திறந்தது. சோதனைக்காரர் டீயோடு வந்தார், உட்கார்ந்தார், வழக்கம்போல குடையை விரித்தார். சிவப்பு அணைந்தது.

"அண்ணே, குடைய மடக்குங்க."

மடக்கினார். எரிந்தது.

"விரிங்க."

அணைந்தது.

"திரும்ப மடக்குங்கண்ணே."

"என்ன விளையாட்டு இது? மண்டை காயுது எனக்கு."

"அண்ணே, விளக்குக்கும் தொட்டிக்கும் நடுவுல நீங்க உக்காந்திருக்கீங்க."

சோதனைக்காரர் அண்ணாந்து குடையைப் பார்த்தார், பிறகு தொட்டியைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்துவிட்டார். "இந்தக் குடை எத்தன வருஷமா இருக்கு தெரியுமா?" என்றார் மெதுவாக. அதற்குமேல் அந்தக் கணக்கைப் போட இருவருக்குமே தைரியம் வரவில்லை.

கையெழுத்து ஆகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அச்சு வெட்டிவிடுவார்கள், குடையைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. தொட்டிக்காரன் வராந்தாவின் கோடிவரை போய்த் திரும்பினான், இன்னொரு தரம் போனான். பிறகு மேடத்தின் கதவைத் தட்டினான்.

"குடையப் பிடிச்சுக்கிட்டா டெஸ்ட் பண்ணாரு?"

"பிடிக்கல மேடம். நாற்காலில கட்டி வெச்சிருந்தாரு."

"அத நாம யாருமே கேக்கல?"

"வழுக்கை, பாவம்னு விட்டுட்டோம்."

மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு பண்ணலாம். வண்டிக்கு ஒரு குடை இலவசம்னு போட்டுடலாம்." பேனாவை மேஜைமேல் போட்டார். "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம் மேடம். காலைல வெயிலுக்கு எதிரா வேன் ஓட்டறது எங்க மாமா."

"பிடிச்ச மாமாவா?"

"பிடிச்சவர்தான். பேச மட்டும் விடமாட்டாரு."

"நாளைக்குச் சாயங்காலம் அச்சுக்கு வரைபடம் போகணும்" என்றார் மேடம். "அதுக்குள்ள அந்த ஓட்டைக்கு ஒரு வழி சொல்லு. இல்லன்னா நானே பிரஷ்ஷோட வருவேன்."

ஓட்டையை அடைத்தால் காற்று நிற்கும், விட்டால் வெளிச்சம் வரும். முகம் கழுவலாம் என்று அவன் கழிவறைக்குப் போனான். அந்தக் கழிவறை வாசலுக்குக் கதவு கிடையாது. நுழைந்ததும் முகத்துக்கு நேரே ஒரு சுவர். இடப்பக்கம் திரும்பி, சுவரைச் சுற்றி வலப்பக்கம் போனால்தான் உள்ளே. வெளியே நின்று எவ்வளவு எட்டிப்பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் நாற்றம் மட்டும் தாராளமாக வெளியே வரும். பல வருஷமாக அதைத் திட்டாத ஆள் ஆபீசில் இல்லை.

தொட்டிக்காரன் வந்த வேலையை மறந்தான். உள்ளே போனான், வெளியே வந்தான், மூக்கால் ஒருமுறை இழுத்துப் பார்த்தான், மறுபடி உள்ளே போனான். காற்று போகிறது. பார்வை வரவில்லை.

"சார், உள்ளயா வெளியயா? ஒரு முடிவுக்கு வாங்க" என்றார் பின்னால் அவசரத்தில் நின்ற கணக்குப் பிரிவுக்காரர்.

கூட்டுக்கு ஒரு மூடிக்குப் பதிலாக இரண்டு மூடி. கீழ் மூடியில் ஓட்டை இடக்கோடியில், மேல் மூடியில் வலக்கோடியில், நடுவே கொஞ்சம் இடைவெளி. கறுப்புப் பிளாஸ்டிக் தகட்டை ரம்பத்தால் அறுத்து, ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னால் சூடுவைத்து ஒட்டினான். பார்க்க அசிங்கமாக இருந்தது. மறுநாள் மத்தியானம் எல்லோரும் சோதனை அறையில் கூடினார்கள். குடை அறைக்கு வெளியே. சோதனைக்காரர் ஈரக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார். விளக்கின் கையை மேடமே திருப்பினார், யாரையும் நம்பவில்லை.

முதலில் காலித் தொட்டி. சிவப்பு எரிந்தது. அது நியாயம். தண்ணீர் ஊற்றினார்கள், நிறைந்தது. சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. தொட்டிக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். தொட்டிக்குள் 'களுக்' என்று ஒரு சத்தம், குழந்தை ஏப்பம் விட்டதுபோல. காற்று இரண்டு ஓட்டையையும் சுற்றி வெளியே வந்துவிட்டது. சிவப்பு அணைந்தது. மேடம் விளக்கை உச்சிக்கு ஏற்றினார், பக்கவாட்டில் கொண்டுவந்தார், காலை வெயிலின் சாய்வுக்குத் தாழ்த்தி அங்கேயே வெகுநேரம் நிறுத்தினார். எரியவில்லை.

"எங்கேர்ந்து வந்துது யோசனை?" என்றார்.

சொன்னான்.

"மேலிடத்துல கேட்டா இத நான் சொல்லமாட்டேன்" என்றார் மேடம். யாரிடம் சொன்னாரோ, மறுநாள் காலையில் அச்சுப் பட்டறையிலிருந்து போன் வந்தது, கக்கூஸ் மூடி வரைபடம் கிடைத்தது, வேலையை ஆரம்பிக்கிறோம் என்று.

புதுத் தொட்டியோடு வேன்கள் ஓட ஆரம்பித்து, மாமாவுக்கும் ஒன்று வந்தது. மாமா தொட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அக்கா மட்டும் தெருவில் அந்த வேன் எது போனாலும், "என் தம்பி வண்டி" என்று கை காட்டினாள்.

மழை முடிந்து வெயில் திரும்பிய ஒரு காலையில், ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவனுக்குப் போன் வந்தது.

"மாப்ள, உன் தொட்டி ஆரம்பிச்சிருச்சு."

அவன் இரண்டாவது ஷூவைக் கீழே போட்டான். "வெயில் நேரா அடிக்குதா மாமா?"

"மூஞ்சியிலயே அடிக்குது."

"நிறுத்தினீங்களா?"

"நிறுத்தித் தொலைச்சேன். இத்தன நாள் வாயத் திறக்காம இருந்தது இன்னைக்கு என்னமோ சொல்லுதேன்னு நிறுத்தினேன். இரு, பானெட்டத் திறக்கறேன்."

வண்டிகள் போகும் சத்தம் கேட்டது. பானெட் கம்பியை மாட்டும் சத்தம். தொட்டிக்காரன் ஒரு காலில் மட்டும் ஷூவோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"பைப்பு கிழிஞ்சிருக்கு" என்றார் மாமா. "உள்ள ஒரு சொட்டு இல்ல."

தொட்டிக்காரன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தான், திரும்ப வைத்தான்.

"இருக்கியா?"

"இருக்கேன் மாமா."

"எஞ்சின் ஒண்ணும் ஆகல, சூடே ஏறல." பானெட்டை மூடும் சத்தம் கேட்டது. "சரி, உன் தொட்டிக்கு இவ்வளவு தெரியுதே, இங்க பக்கத்துல மெக்கானிக் எவன் கடைய திறந்து வெச்சிருக்கான்னு அதக் கொஞ்சம் கேட்டுச் சொல்லு."