முப்பத்தேழாவது பேக்கேஜ்

யாரோ எழுதிய நிரலை எடுத்து, வேறு யாரோ கட்டிய இயங்குதளத்தில் ஓடும்படி பொருத்தி, முகம் தெரியாத மூன்றாமவரிடம் திட்டு வாங்குவதற்குப் பெயர் பேக்கேஜ் பராமரிப்பு. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அந்தத் திட்டை வாங்கியவர்கள், மீதிப் பேர் கொடுத்தவர்கள். ஆகவே நான் சொல்லப் போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அதற்கு மேல் டைப்ரைட்டிங் லோயர். செஞ்சியில் மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு கட்டற்ற இயங்குதளம். அதனுடன் சேர்ந்து வராத வெளி நிரல்களை ஒரு தனிக் களஞ்சியத்தில் போட்டு, புதுப்பித்துக்கொண்டே இருக்கும் தொண்டர்களில் நானும் ஒருவன். ஆட்களிடம் பேச எனக்கு வராது. எல்லாம் கடிதத்திலேயே முடியும் என்று நம்பித்தான் இதில் இறங்கினேன். ஒன்பது வருடம் ஆகிறது.

திருப்பித் தருவது

என் பொறுப்பில் முப்பத்தாறு பேக்கேஜ் இருந்த சமயம், ஒரு தமிழ்க் குரல் நிரல் கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும் நிரல் அது. கண் தெரியாதவர்களுக்கு உதவும். இன்னும் இரண்டு மாதத்தில் ஆள் கிடைக்காவிட்டால் களஞ்சியத்திலிருந்து நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது.

களஞ்சியத்தின் பொறுப்பாளர் ஒரு குளிர்நாட்டுக்காரர். ஒன்பது வருடத்தில் அவர் எனக்கு எழுதியது மொத்தம் அறுபத்திரண்டு வாக்கியங்கள். அகராதியை வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு பக்கம் எழுதினேன். இதை நான் எடுத்துக்கொள்ளலாமா, சரிவரவில்லை என்றால் திருப்பித் தரலாமா என்று கேட்டேன். அன்றைக்கே பதில் வந்தது: "எடுத்துக்கொள்ளலாம். திருப்பித் தந்தால் வாங்கத்தான் ஆள் இல்லை."

எண் இல்லாதது

எந்த பேக்கேஜுக்கும் ஒரு வெர்ஷன் எண் வேண்டும். கம்ப்யூட்டருக்குப் புதுசு பழசு தெரியாது. எண் பெரிதாக இருந்தால் புதுசு, சிறிதாக இருந்தால் பழசு, அவ்வளவுதான். குரல் நிரலை எழுதியவர் எண்ணே போடாமல் விட்டிருந்தார். அனுபவசாலிகள் இப்படிப்பட்ட இடத்தில் பூஜ்யம் போட்டு வைப்பார்கள். பின்னால் எந்த எண் வந்தாலும் அதற்கு மேலேதான் இருக்கும்.

எனக்குப் பூஜ்யம் போட மனசு வரவில்லை. நன்றாக ஓடுகிற ஒன்றைப் பூஜ்யம் என்பதா? அந்த வருடத்தின் எண்ணையே போட்டேன், இரண்டாயிரத்துச் சொச்சம். நோட்டில் முப்பத்தேழாவது வரியில் சிவப்பு மையால் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் இட்டேன். காபி கொண்டுவந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "நம்ம கல்யாண நாள என்னிக்காவது இப்டி எழுதி வச்சிருக்கீங்களா?" என்றாள்.

நன்றிகள்

ஒன்பது வருடத்தில் எனக்கு வந்த கடிதங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. அதில் நன்றி சொன்னவை மூன்று. மூன்றாவது மிக நீளமானது, உருக்கமானது. அதை இரண்டு தடவை படித்துவிட்டு, பதில் எழுத உட்கார்ந்தபோது அதே ஆளிடமிருந்து இன்னொன்று வந்தது: "மன்னிக்கவும், அது வேறொருவருக்கு எழுதியது. உங்கள் பேக்கேஜ் இன்னும் ஓடவில்லை."

எனவே, சரியாகச் சொன்னால் இரண்டு.

அனந்தபுரத்து மேரி

ஒருநாள் காலை கடைக்கு ஒரு பெண் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பெயர் மேரி. பிறவியிலேயே பார்வை இல்லை. அனந்தபுரத்தில் ஒரு பால் சேகரிப்பு ஆபீஸில் வேலை. குரல் நிரலைத் திறந்தால் முதலில் பராமரிப்பவர் பெயரையும் ஊரையும் வாசிக்கும். தினமும் செஞ்சி, செஞ்சி என்று கேட்டுக் கேட்டு, பஸ் ஏறி வந்து, மூன்று டைப்பிங் கடையில் விசாரித்து என்னைப் பிடித்துவிட்டாள். என் பேக்கேஜைப் பயன்படுத்தும் ஒருவரை நான் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

எட்டு ஊர்ப் பால் கணக்கு கம்ப்யூட்டரில் ஏறும். குரல் வாசிக்க வாசிக்க, எந்த ஊருக்கு எத்தனை லிட்டர் என்று வண்டிக்காரருக்கு மேரி போனில் சொல்ல வேண்டும். அதற்கேற்ப அவர் கேன் கொண்டுவருவார். குரலோ புள்ளியை விழுங்கிவிடுகிறது. முப்பது புள்ளி ஐந்து என்றால் முன்னூற்றைந்து என்கிறது. எந்த ஊரில் எவ்வளவு வரும் என்று தெரிந்ததால் ஊகித்து ஓட்டியிருக்கிறாள். போன வாரம் பெரிய ஊர் ஒன்றில் திருவிழா, பாலெல்லாம் ஊரிலேயே நின்றுவிட்டது. வந்தது முப்பது புள்ளி ஐந்துதான். வழக்கமாக வருவது முன்னூறு என்பதால் குரல் சொன்னதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"எட்டு கேன் கொண்டாந்து ஏழ காலியா எடுத்துனு போனாரு ஐயா. இன்னொரு வாட்டி தப்பு வந்தா வேற ஆள வச்சிக்கறேன்னு செக்ரட்டரி சொல்லிட்டாரு," என்றாள். எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பினாள். "ஒத்த புள்ளி. அத மட்டும் சொல்லச் சொல்லுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

எழுதியவர்

நிரலை எழுதியவரின் போன் எண்ணைக் கண்டுபிடித்தேன். பேச வேண்டியதை இருபத்தொரு வரியாக எழுதி வைத்துக்கொண்டுதான் அழைத்தேன். ஆறாவது வரியிலேயே அவர் குறுக்கிட்டார். "சார், அது காலேஜ் ப்ராஜெக்ட். மார்க்கு கூட வந்துடுச்சு. இன்னுமா அது ஓடுது?"

நல்ல மனிதர். வெட்கப்பட்டிருக்க வேண்டும், நான்கே நாளில் புள்ளியைச் சரிசெய்து அனுப்பிவிட்டார். கூடவே ஒரு வரி: "முதல் தடவையா ஒழுங்கா நம்பர் போட்டிருக்கேன் சார், 1.0."

பத்தொன்பது நாள் அமைதி

1.0 பேக்கேஜைக் கட்டினேன். மூன்று முறை சோதித்தேன். களஞ்சியத்தில் ஏற்றினேன். பத்தொன்பது நாள் ஒரு புகாரும் வரவில்லை. நம் தொழிலில் அமைதி என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். அல்லது யாருக்குமே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். இரண்டாவதை நான் நினைக்கவில்லை.

இருபதாம் நாள் மேரி போன் செய்தாள். "இன்னா ஐயா, புள்ளி இன்னும் வரலியே?"

அவள் கம்ப்யூட்டரின் கண்ணில் 1.0 படத்தான் செய்தது. ஆனால் அதனிடம் ஏற்கெனவே இருப்பது இரண்டாயிரத்துச் சொச்சம். ஒன்று பெரிதா, இரண்டாயிரம் பெரிதா? பழையது என்று ஒதுக்கிவிட்டது. ஸ்கேல் வைத்து நான் போட்ட அடிக்கோடு நினைவுக்கு வந்தது. குளிர்நாட்டுக்காரருக்கு உடனே எழுதினேன். விடுமுறையில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வந்தது.

நேரில்

காத்திருக்கப் பயமாக இருந்தது. 1.0-ஐப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு மறுநாளே அனந்தபுரம் பஸ் ஏறினேன். மேரியின் கம்ப்யூட்டரில் பழையதை எடுத்துவிட்டு என் கையால் புதியதை ஏற்றினேன். குரல் "நாற்பத்தொன்று புள்ளி ஐந்து" என்றது. மேரி இன்னொரு தடவை வைக்கச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்கும் தைரியம் வந்துவிட்டது. "இனிமே நீ எதையும் ஊகிக்க வேணாம்மா. அது சொல்றத அப்படியே சொல்லு," என்றேன். நான் யாருக்கும் இவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை.

மறுநாள் காலை அந்தக் கம்ப்யூட்டர் வழக்கம்போல் தானே அப்டேட் பார்த்தது. தன்னிடம் 1.0 இருப்பதையும், களஞ்சியத்தில் பழைய இரண்டாயிரத்துச் சொச்சம் இன்னும் கிடப்பதையும் கண்டது. பெரிய எண்ணை எடுத்து ஏற்றிக்கொண்டது. ஒன்பது வருடமாக நான் மற்றவர்களை எச்சரிக்கும் விஷயம் இது. பென்டிரைவோடு பஸ்ஸில் போனபோது எனக்குத் தோன்றவில்லை.

நாற்பத்தொன்று புள்ளி ஐந்தை அது நானூற்றுப் பதினைந்து என்றது. அது சின்ன ஊர். முந்தைய வாரமாக இருந்தால் அவளே பிடித்திருப்பாள். நான் ஊகிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவள் அப்படியே சொன்னாள். வண்டிக்காரர் பதினொரு கேனை இறக்கிவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாராம்: "இன்னாமா, உங்க ஊர்ல மாடு கறக்கறீங்களா, ஏரி கறக்கறீங்களா?"

முன்னால் ஒரு ஒன்று

ஒரு வாரம் கழித்து குளிர்நாட்டுக்காரர் விடுமுறை முடிந்து வந்தார். இதற்கு வழி இருக்கிறது. எண்ணுக்கு முன்னால் ஒரு ஒன்றும் முக்காற்புள்ளியும் போட்டால், பின்னால் என்ன இருந்தாலும் அதுவே பெரியது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். அவர் எழுதியது: "1: போடுங்கள். போட்டபின் உங்கள் ஆயுளில் அதை எடுக்க முடியாது."

போட்டேன். அன்றே எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேர்ந்தது.

கடைசியாக ஒரு போன்

மேரிக்குச் சொல்ல வேண்டியதைப் பதினான்கு வரியாக எழுதிக்கொண்டு அழைத்தேன். முதல் வரி மன்னிப்பு. அதைப் படித்து முடிப்பதற்குள் அவளே பேசினாள், சாதாரணமாக, பஸ் நேரம் சொல்வதுபோல.

"புள்ளி இப்ப சரியா சொல்லுதாம் ஐயா, தங்கச்சி போய்க் கேட்டுட்டு வந்தா. ஆனா என் எடத்துக்கு வந்த பொண்ணுக்குக் கண்ணு நல்லா தெரியுது இல்ல, சத்தம் எதுக்குன்னு நிறுத்தி வச்சிருக்குது."

நோட்டில் முப்பத்தேழு பேக்கேஜுக்கும் நேராக ‘சரி’ என்று எழுதி முடித்துவிட்டேன். முப்பத்தேழாவதைப் பற்றிக் குறை சொல்லி இந்த மாதம் ஒரு கடிதமும் வரவில்லை.