மெர்சி போட்ட ஜோடிக் கோடு

மெர்சி யார் என்றால், ஆரம்பாக்கம் சாலமோனின் மூன்றாவது பெண். சாலமோன் கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையில் இருபத்தாறு வருஷம் உலைக்கு முன்னால் நின்றவர். அவருடைய தங்கை சாராளைக் காக்களூரில் கட்டிக் கொடுத்ததிலிருந்துதான் அந்தக் குடும்பத்துக்குத் திருவள்ளூர்ப் பக்கம் கால் பழகியது. மெர்சி பாலிடெக்னிக் முடித்ததும், காக்களூர் எஸ்டேட்டில் சர்க்யூட் போர்டு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் அத்தை சாராள்தான் சேர்த்துவிட்டாள். அத்தோடு விட்டாளா? தன் கொழுந்தன் மகன் மோசஸையும் காட்டிவிட்டாள். அவன் பக்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். கல்யாணமாகித் திருநின்றவூரில் குடிவந்து இது ஏழாவது வருஷம்.

கம்பெனியில் மெர்சிக்கு முதலில் கிடைத்தது பூதக்கண்ணாடி மேசை. தயாராகி வரும் போர்டுகளைப் பார்த்து, எங்கே ஈயம் ஒட்டவில்லை, எங்கே பாகத்தின் கால் தூக்கியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒன்பது வருஷம் சொன்னாள். இதற்கிடையில் போர்டு வரைகிற பையன் சென்னைக்குப் போய்விட, காலியான கம்ப்யூட்டரில் சாப்பாட்டு வேளையெல்லாம் உட்கார்ந்து தானே வரையப் பழகிக்கொண்டாள். முதலாளி தணிகைவேல் ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, அந்த நாற்காலியை அவளுக்கே கொடுத்துவிட்டார்.

அந்த நாற்காலிக்குத்தான் இந்த வருஷம் ஆபத்து வந்தது.

அரிசி மில்லில் பழுதான கறுப்பு அரிசியைக் கேமராவால் பார்த்து ஊதித் தள்ளும் மெஷினுக்கு ஒரு போர்டு. கேமரா பார்த்ததைச் சிப்புக்குக் கொண்டுபோக இரண்டு செம்புக் கோடுகள் சேர்ந்தே ஓடும். டிஃபரன்ஷியல் பேர் என்று அதற்குப் பெயர். மெர்சி வீட்டில் சொல்வது ஜோடிக் கோடு. ஒன்று சொல்வதற்கு நேரெதிராகவே மற்றது சொல்லும். சிப்பு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஏதாவது மின் இரைச்சல் விழுந்தால் இரண்டின் மேலும் ஒரேபோல விழும். வித்தியாசம் மாறாது, சேதி கெடாது. ஆனால் இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். வளைவில் உள்பக்கத்துக் கோடு குட்டையாகிவிட்டால் பாம்பு நெளிவதுபோல நாலு நெளிவு கொடுத்து அதை நீட்ட வேண்டும்.

மெர்சி எல்லாம் கொடுத்தாள். மயிரிழை பிசகவில்லை. ஆனாலும் மெஷினில் மாட்டிப் பார்த்தபோது, மோட்டார் ஓடாதவரை கண்ணாடிபோல இருந்த படம், மோட்டார் ஓடியதும் தூறல் விழுந்ததுபோலக் கோடு கோடாகிவிட்டது. மெஷின்காரர்கள் இன்னும் ஒரு தடவை பார்ப்போம், இல்லையென்றால் பெங்களூரில் கொடுத்துவிடுவோம் என்றார்கள். தணிகைவேல் திட்டவில்லை. அந்த வேலை போனால் வரைவதற்கென்று தனி ஆள் வைக்க முடியாதம்மா, பழைய மேசைக்கே போக வேண்டியிருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

மூன்று நாள் நீளத்தையே அளந்து அளந்து பார்த்தாள். சரியாகவே இருந்தது.

நாலாம் நாள் காலை. புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரே ரயிலில்தான் வேலைக்குப் போவது வழக்கம். அவள் லேடீஸ் பெட்டி, அவன் ஜெனரல் பெட்டி. திருவள்ளூரில் இறங்கினால் ஸ்டேஷன் வாசலில் ஆளுக்கொரு டீ, அப்புறம் ஷேர் ஆட்டோ. அன்றைக்கு மோசஸ் டீக்கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் நடந்தான்.

"இன்னாய்யா, மூஞ்சிய தூக்கினு போற?"

"நீ பெங்களூரு போறியாமே. அன்புராஜ் மாமா சொல்றாரு. பொட்டி மொத்தமும் கேக்குது. எனுக்குத்தான் ஒண்ணும் தெர்ல."

அன்புராஜ் என்பவர் மோசஸுக்குத் தாய்மாமன். வேப்பம்பட்டில் ஏறி, புட்லூரில் இறங்குவதற்குள் ஒரு சேதிக்குக் கை கால் முளைக்க வைத்துவிடுகிறவர். போர்டு வேலை பெங்களூருக்குப் போகலாம் என்று மெர்சி சாராள் அத்தையிடம் சொன்னது, அவர் வாய்க்கு வருவதற்குள் மெர்சியே பெங்களூருக்குப் போவதாக ஆகிவிட்டது.

மெர்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரே ரயிலு, ஒரே நேரத்துல எறங்குறோம். நானும் ஒம் பக்கத்துல குந்தினு இருந்தா, ரெண்டு பேரும் சேந்து கேட்டு அவுரு மூஞ்சிக்கு நேரா சிரிச்சிருப்போம். தனியா மாட்டுன, ஏறிடுச்சு உனுக்கு."

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். வாய் முணுமுணுத்தது. அடுத்த நொடி டீயும் வேண்டாம் புருஷனும் வேண்டாம் என்று கிளம்பத் தயாராக நின்ற ஆட்டோவில் பாய்ந்து ஏறினாள். "இப்ப எங்கமே ஓட்ற?" என்று கேட்டுக்கொண்டே மோசஸ் பின்னால் ஓடினான்.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். போர்டின் நடுவில் ஒரு திருகு ஓட்டை. ஜோடிக் கோடு அங்கே வந்ததும், அழகாக இருக்கட்டுமென்று ஒன்றை ஓட்டைக்கு இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் விட்டு, தாண்டியதும் சேர்த்திருந்தாள். இரண்டும் ஒரே நீளம்தான். சாஃப்ட்வேர்கூட அந்த இடத்தில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை காட்டியிருந்தது. நீளம் சரியாக இருக்கிறதே, இது எதற்கு என்று அவள்தான் மூடிவிட்டிருந்தாள். மோட்டார் ஒயர் போவதோ அந்த ஓட்டையை ஒட்டி. பிரிந்து நின்ற இடத்தில் அதன் இரைச்சல் ஒரு கோட்டைத்தான் பலமாகப் பிடித்திருக்கிறது. ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தால் போதாது, வழி நெடுகச் சேர்ந்தே போக வேண்டும்.

ஓட்டையை நகர்த்த முடியாது, போர்டைத் திருகி மாட்டும் பெட்டியை வார்த்தாகிவிட்டது. அங்கிருந்த வேறு பதினோரு கோடுகளைப் பிரித்துத் தள்ளிப் போட்டு, ஜோடியை ஒரே பக்கமாகக் கொண்டுபோனாள். மத்தியானச் சோற்றை மறந்தே போனாள். மூடி வைத்த மஞ்சள் எச்சரிக்கையை மறுபடி திறந்து பார்த்தாள். அது இல்லை.

புதுப் போர்டு வந்து மெஷினில் ஏறிய அன்று, தணிகைவேல் ஒரு படி அரிசியில் கைப்பிடி கறுப்பரிசியைத் தானே கலந்து கொட்டினார். மோட்டார் உறுமியது. திரையில் ஒவ்வொரு அரிசியும் வெள்ளை வெளேரென்று வந்தது. கறுப்பெல்லாம் பட்பட்டென்று தெறித்துப் பக்கத்து டப்பாவில் விழுந்தது. மெஷின்காரர் விழுந்ததை உள்ளங்கையில் எடுத்து ஒரு வெள்ளையாவது இருக்கிறதா என்று தேடினார். இல்லை. அடுத்த மாடலுக்கும் இந்தம்மாவே வரையட்டும் என்றார். தணிகைவேல் மெர்சியின் நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரம்மா என்றார்.

மறுநாள் மெர்சி ஜெனரல் பெட்டியில் ஏறி மோசஸை இடித்துத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். வேப்பம்பட்டில் அன்புராஜ் மாமா ஏறினார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குரலை இறக்கினார்.

"ஏம்ப்பா, உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லியாமே?"

இரண்டு பேர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. புட்லூரில் அவர் இறங்கிப் போன பிறகும் சிரிப்பு நிற்கவில்லை.