கொக்குக்காக எழுதிய மனுக்கள்

நீர்ப்பறவை ஆராய்ச்சி என்பது பாதிப் பொழுது முழங்கால் சேற்றில் நிற்பது, மீதிப் பொழுது ஏன் நின்றேன் என்று விளக்கம் சொல்வது. இலங்கை மலைநாட்டில் ரயில் பண்டாரவளையோடு நின்று பதுளைக்கு வராதிருந்த அந்தக் காலத்தில், பதுளையில் ஐந்தாறு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரும் ஒரு டாக்டரும் சேர்ந்து, நீர்ப்பறவைகளை ஆராயவும் காப்பாற்றவும் ஒரு சங்கம் வைத்தார்கள். கடைவீதித் துணிக்கடைக்காரரின் மகனான நான், இங்கிலீஷும் தமிழும் எழுதுவேன் என்பதால் அதற்குக் குமாஸ்தா ஆனேன். குளம் குளமாகப் போய் என்ன பறவை, எத்தனை கூடு, எந்த மாதம் குஞ்சு என்று எழுதிவர வேண்டும். செய்கிற வேலையைச் சொந்த வீட்டாருக்கே புரியவைக்க முடியாமல் தவித்தவர்கள் உங்களில் இருந்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

பெண் பார்த்த இடம்

பண்டாரவளையில் மளிகைக்கடைக்காரர் ஒருவர் வீட்டுக்கு எனக்குப் பெண் பார்க்கப் போனோம். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெண்ணின் தகப்பனார் என் உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டார். கூட வந்திருந்த என் தாய்மாமன் சொக்கலிங்கம் முந்திக்கொண்டு, "தொரைமார்கிட்ட எழுத்து வேலை" என்றார். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். மறைத்துச் சொல்ல இது என்ன திருட்டு வேலையா என்று எனக்கு ஒரு வீம்பு. கொக்கு, நாரை, முக்குளிப்பான், நீலக்கோழி என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "எண்ணுறது சரிங்க தம்பி. எண்ணி முடிச்ச பொறகு என்ன வேலை பார்ப்பீங்க?"

தலைவர் கொண்டுவந்த வாத்து

எங்கள் சங்கத் தலைவர், பதுளைக்குக் கீழே ஒரு தோட்டத்தின் பெரிய துரை. பறவை மேல் உண்மையான பிரியம் உள்ளவர். ஆனால் அந்தக் காலத்தில் பிரியம் உள்ளவர்களும் சுட்டுத்தான் பார்ப்பார்கள். இறகையும் அலகையும் அளக்க வேறு வழி இல்லை என்பார்கள். கூடு கட்டும் மாதங்களில் யாரும் சுடக்கூடாது என்று தீர்மானம் போட அவர் பங்களாவில் கூட்டம் கூடிய அன்று, காலையில் தாமே சுட்ட வாத்து ஒன்றை மேசைமேல் வைத்திருந்தார்.

"இதையும் தீர்மானத்தில் எழுதட்டுமா?" என்று கேட்டேன். டாக்டர் இருமினார். துரையின் முகம் சிவந்தது. "எழுது" என்றார். எழுதினேன். அதன்பிறகு அந்த மாதங்களில் அவர் துப்பாக்கியை எடுக்கவே இல்லை. வாத்தைத் தூக்கிப்போக வந்த சமையல்கார அப்பு மட்டும் வாசலில் நின்று என்னிடம் கேட்டார்: "சுட்டதும் இவங்க, சுடக்கூடாதுன்னு எழுதுறதும் இவங்க. நான் இதை வறுக்கவா, பொதைக்கவா?"

பீலி அடியில்

துரையின் தோட்டத்துக் குளக்கரையில் பெரிய மூங்கில் புதர் ஒன்று இருந்தது. தை மாதம் பிறந்தால் வெள்ளைக் கொக்குகள் அதில் இலை தெரியாமல் கூடு கட்டும். முதுகில் நூல் நூலாக மெல்லிய இறகு முளைத்து, காற்றில் அது அசைவதைப் பார்த்தால் குறிப்புப் புத்தகம் மறந்துபோகும். அந்த மூங்கிலை வெட்டக்கூடாது என்று நான் மனு எழுதி, துரையிடம் உத்தரவும் வாங்கிவிட்டேன். பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும்போது, அதைப் படித்தும் காட்டினேன்.

படித்து முடித்ததும் கருப்பாயி என்ற கொழுந்தெடுக்கிற பெண் என்னைக் கையோடு குளத்துக்குக் கூட்டிப்போனாள். மூங்கிலுக்கு அடியில் குளத்துத் தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது. எச்சம், அழுகிய மீன், செத்த குஞ்சு. அந்தத் தண்ணீர்தான் கீழே தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் லயத்தில், பீலி என்கிற தூம்பு வழியாகக் குடிக்க விழுந்தது. லயத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். இரண்டு வருஷமாக அந்தக் குளத்தை எட்டத்திலிருந்து பார்த்து எழுதியவன் நான். தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

அன்றே துரைக்கு இன்னொரு மனு எழுதினேன். மேல் ஓடையிலிருந்து லயத்துக்குக் குழாய் வேண்டும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். மறுபடி எழுதினேன். மூன்றாவது தடவை நேரில் போய், "குழாய் வராவிட்டால் ஜனங்கள் மூங்கிலை வெட்டுவார்கள். நான் தடுக்கமாட்டேன், குமாஸ்தா வேலையிலும் இருக்கமாட்டேன்" என்றேன். சித்திரைக்குள் குழாய் வந்தது. முதல் குடத்தைப் பிடித்து இடுப்பில் ஏற்றிக்கொண்டு கருப்பாயி சொன்னாள்: "கொக்கு புள்ளை பெத்துக்க எடம் வேணும்னு எழுதினீங்களே, அப்பவே நாங்க பெத்ததுக்குத் தண்ணி வேணும்னு ஒரு வரி சேத்து எழுதியிருந்தா என்னங்க ஐயா?"

கொழுந்துக் கூடை

அடுத்த மாசி மாதம் ஒரு நாள் காலையில் குளக்கரையில் விட்டுவிட்டு வெடிச்சத்தம் கேட்டது. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கீழே ஓடினார்கள். அங்கே வெளியாள் ஒருவன் நின்றான்; கையில், ஒவ்வொரு வெடிக்கும் மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டிய பழைய துப்பாக்கி. அவன் குனிந்து கெட்டித்துக்கொண்டிருந்தபோது, கருப்பாயி தன் முதுகுக் கூடையைக் கழற்றி அவன் தலைவழியே கவிழ்த்துவிட்டாள். மற்றவர்கள் கயிற்றால் சுற்றிவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் கொழுந்துக்குள்ளிருந்து தும்மிக்கொண்டிருந்தான். கரையில் கிடந்த கொக்குகளின் முதுகு இறகை மட்டும் உரித்திருந்தான். மேலே மூங்கிலில் குஞ்சுகள் பசியில் கத்தின. இறகு யாருக்கு என்று கேட்டேன். பதுளையில் ஒரு கடையின் பெயரைச் சொன்னான். அது என் தாய்மாமன் சொக்கலிங்கத்தின் கடை. கருப்பாயிக்கு அது தெரியாது, அவள் என் குறிப்புப் புத்தகத்தைக் காட்டிச் சொன்னாள்: "செத்த கொக்கு நாலு, உசுரோட புடிச்ச ஆளு ஒண்ணு. ரெண்டையும் எழுதிக்கிடுங்க."

மாமாவின் பின்கட்டு

மாமா மிளகு, தேன், மான்தோல் எல்லாம் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். பின்கட்டில் இறகுக் கட்டுகள் மஸ்லின் துணியில் சுற்றி அடுக்கியிருந்தன. துணி எங்கள் கடைத் துணி. ஒன்றைப் பிரித்தேன், அடியில் ரத்தம் காய்ந்திருந்தது. "குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினி கிடந்து சாகுது மாமா. சங்கத்து அறிக்கையில் உங்கள் பேரை எழுதப்போகிறேன்" என்றேன். என்னைத் தோளில் தூக்கித் தேர் காட்டிய மனுஷர். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. இறகுக் கட்டை என் கையிலிருந்து வாங்கி மறுபடி சுற்றிக்கொண்டே கேட்டார்: "வெள்ளைக்காரி தொப்பியில சொருகக் கேக்குறா, வெள்ளைக்காரன் காப்பாத்தணுங்குறான். புருஷன் பொஞ்சாதி நடுவுல நீ ஏன்டா நிக்கிறே?"

அறிக்கை

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை, ஏனென்றால் அது நியாயமான கேள்வி. அறிக்கையில் மாமாவின் பெயரை முழுசாக எழுதினேன். அதற்கு அடுத்த வரியில், இந்த இறகுகள் போய்ச் சேரும் இடம் சீமாட்டிகளின் தொப்பி என்றும், அப்படிப்பட்ட தொப்பிகளைப் பதுளையிலேயே, சங்கத்து அங்கத்தினர் வீடுகளிலேயே பார்க்கலாம் என்றும் எழுதினேன். கூட்டத்தில் எழுந்து நின்று படித்தேன். தலைவரின் துரைசாணியும் அங்கே இருந்தார். ஒருவர் இரண்டாவது வரியை அடித்துவிடலாம் என்றார். "அடித்தால் இரண்டையும் அடியுங்கள், என்னையும் சேர்த்து" என்றேன். துரை மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள், "இரண்டும் இருக்கட்டும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தொப்பியில் வெறும் ரிப்பன்தான் இருந்தது.

மாமா இறகு வாங்குவதை நிறுத்தினார். என்னோடு பேசுவதையும் நிறுத்தினார். தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது. அம்மா மட்டும் தன் தம்பியான மாமா வீட்டுக்குப் போய் வந்தாள். சித்திரை வருஷப் பிறப்பன்று நானே போய் வாசலில் நின்றேன். வெகு நேரம் நிற்கவிட்டார். பிறகு கதவை முழுசாகத் திறந்துவிட்டுச் சொன்னார்: "என் பேரைப் போட்டதுக்கு உன்னை வெட்டிப் போடலாம், அடுத்த வரியில தொரைசாணி தொப்பியையும் போட்டியே, அதுக்காக உள்ள வா, சாப்பிடு."

இத்தனை வருஷத்தில் எங்கள் சங்கத்துத் தீர்மானம் ஒன்றைக்கூட எந்தக் கொக்கும் மீறியதில்லை. மீறக்கூடிய பிராணியிடம் அதை எடுத்துச் சொல்லித்தான் என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது.