பீங்கான் குழாயும் பிடிவாத என்சைமும்

கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைச் செய்து விற்பதுதான் என் தொழில் என்று சொன்னதும், பெண் கொடுக்க வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தகரக் கொட்டகையில், சுவரெங்கும் நுண்துளைகள் உள்ள பீங்கான் வடிகட்டிக் குழாய் செய்துகொண்டிருந்தேன். ராஜபாளையத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலை பாக்டீரியாவை வளர்த்து, பேண்டேஜ் துணியின் கஞ்சியை நீக்கும் என்சைம் தயாரித்தது. அந்தக் கலவையைக் குழாய்க்குள் ஓட்டினால் பாக்டீரியா உள்ளேயே நிற்க வேண்டும். என்சைம் மட்டும் குழாய்ச் சுவரில் கசிந்து வெளியே வர வேண்டும். சொல்வது எளிது. புதிதாக எதையாவது செய்து விற்கப் பார்த்தவர்களுக்கு மீதி தெரியும்.

பஸ்ஸில் போன குழாய்

மூன்றடி நீளக் குழாய்களை வேட்டியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் போவேன். ஒருநாள் கண்டக்டர் ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, நீளவாக்கில் ஓடிய துளைகளைப் பார்த்தார். கீழே போட்டுவிடுவாரோ என்று எனக்கு உயிரே இல்லை. அவர் பத்திரமாகத் திருப்பித் தந்தார். "எம்புட்டு ஊதினாலும் சத்தம் வராதுண்ணே. பக்கத்துல ஒரு ஓட்டைகூட இல்லையே!"

அவசரம்

சூளையைப் பார்த்துக்கொண்டவர் காதர் பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சூடு தானாக அடங்க இரண்டு நாள் ஆகும், அதுவரை கதவைத் தொடக் கூடாது என்பார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போயிருந்தார். நான் பொறுக்காமல் கதவைத் திறந்தேன். உள்ளே டிக், டிக்கென்று சத்தம். பன்னிரண்டில் பதினொன்று விரிசல்.

திரும்பி வந்தவர் திட்டவில்லை. எஞ்சிய குழாயை நகத்தால் தட்டிப் பார்த்தார். ணங்கென்றது. "தம்பி, இது ஒண்ணு மட்டும் உங்க கண்ணுல படலை போல."

தெளிந்த நீர்

அந்த ஒற்றைக் குழாயோடு முதல் சோதனைக்குப் போனேன். இது சரிப்படாவிட்டால் பழைய துணி வடிகட்டிக்கே போய்விடுவேன் என்று என்சைம் தொழிற்சாலை முதலாளி சொல்லியிருந்தார். கலவையை ஓட்டினோம். கசிவு குறையக் குறைய நான் அழுத்தத்தைக் கூட்டினேன். ஒரு வாளி நீர், கண்ணாடி மாதிரி வந்தது. எல்லோரும் கை கொடுத்தார்கள்.

தொழிற்சாலையின் கெமிஸ்ட் ஆண்டாள் மேடம் மட்டும் கை கொடுக்கவில்லை. கஞ்சித்தண்ணீரில் அயோடினை விட்டு நீலமாக்கி, அதில் நம் நீரைச் சேர்த்தார். என்சைம் இருந்தால் நீலம் மறைய வேண்டும். பத்து நிமிஷம் ஆகியும் மறையவில்லை. "தண்ணியை நல்லாப் பிரிச்சிட்டீங்க சார். சரக்கை எங்கே வச்சிருக்கீங்க?"

நீலம் போன நாள்

சரக்கு குழாய்க்குள்ளேதான் இருந்தது. என் அழுத்தத்தில் பாக்டீரியா சுவரில் அப்பிக்கொண்டு, என்சைமுக்கும் வழியை அடைத்துவிட்டது. அழுத்தத்தைக் குறைத்து, சுவரில் அப்பாதபடி கலவையை வேகமாக ஓட்டலாம் என்றது மேடம்தான். முதலாளியிடம் பேசி எனக்கு இரண்டு மாத அவகாசம் வாங்கித் தந்ததும் அவர்தான். அவ்வப்போது தெளிந்த நீரைப் பின்னோக்கிச் செலுத்தி அடைப்பைக் கழுவுவது மட்டும் என் யோசனை.

கடைசிச் சோதனைக்குக் காதர் பாயும் வந்திருந்தார். அவர் அந்தத் தொழிற்சாலைக்குள் முதன்முதலாக நுழைந்தது அன்றுதான்; நீலச் சோதனையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. மேடம் நீரைச் சேர்த்தார். ஒரு நிமிஷத்துக்குள் நீலம் வெளுத்து மறைந்தது. முதலாளி சிரித்தார். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்துக் காதர் பாய் பதறிவிட்டார். "அழாதீங்கம்மா! கலர் போனா போகட்டும், வேற குழாய் சுட்டுத் தாரேன்!"

இத்தனை வருஷத்தில் நான் உருப்படியாகப் பிரித்தறிந்தது கொஞ்சம் என்சைமையும், என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இரண்டு பேரையும்தான்.