துரை பங்களா நாற்காலி

துரை பங்களாவில் ஏலம் என்று அய்யா சொன்னதும் ஏலக்காய் என்றுதான் நான் நினைத்தேன். மடி நிறைய அள்ளலாம் என்ற ஆசையில் குரங்கணியிலிருந்து அத்தனை ஏற்றமும் அழாமல் நடந்தேன். மேலே போனால், தோட்டத்துக் கணக்குப்பிள்ளை சாப்பாட்டு மேசை நாற்காலிகளை முற்றத்தில் வரிசையாகப் போட்டு, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவிக்கொண்டிருந்தார். சீமையிலிருந்து கப்பலில் வந்த மகோகனி மரம். கறுப்புத் தோல் இருக்கை. துரை தன் ஊருக்கே திரும்பிப் போகிறாராம். வராந்தாவில் நின்றவர் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நாற்காலிகளை எடுத்தவர் போடியில் கடை வைத்திருந்த ராவுத்தர். சுமந்து இறக்க வந்தவர்களில் அய்யாவும் ஆத்தாவும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் அவற்றை மலையேற்றியதும் அய்யாவின் தலைதான். அந்த மரத்தின் கனம் அவருக்குத் தெரியும். ஆத்தாவை வர வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிப் பார்த்தார். வீட்டில் கம்பு தீர்ந்திருந்தது. ஆத்தா வந்துவிட்டாள்.

பாதி இறக்கத்தில் அவள் நின்றுவிட்டாள். மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். அய்யா அவள் தலையிலிருந்த நாற்காலியை இறக்கிப் பாதையிலேயே போட்டு, "உக்காரு புள்ள" என்றார்.

"ராவுத்தரு பாத்தா சோலி போயிரும்."

"போனாப் போகுது. உக்காரு."

ஆத்தா உட்கார்ந்தாள். கைகளை வயிற்றின்மேல் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். நானும் உட்காருவேன் என்று அடம்பிடித்தேன். அய்யா என்னைத் தூக்கி ஒரு பாறைமேல் வைத்தார்.

சற்று நேரத்தில் ராவுத்தர் மட்டக்குதிரையில் வந்தார். ஆத்தா எழப் பார்த்தாள், முடியவில்லை. அவளைப் பார்த்தவர் உடனே பள்ளத்தாக்குப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குதிரையிலிருந்து இறங்கினார்.

"நாற்காலி கெடக்கட்டும். இதுல ஏத்தி மெதுவாக் கூட்டிட்டு வாப்பா" என்று கடிவாளத்தை அய்யாவிடம் கொடுத்துவிட்டு, அந்த வயதில் இறக்கம் முழுதும் நடந்தே போனார்.

ஆத்தாவைக் குதிரையில் ஏற்றிய பிறகும் அய்யா கிளம்பவில்லை. தன் துண்டால் அந்தத் தோல் இருக்கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு பக்கத்து ஓடையில் துண்டை அலசிக்கொண்டே இருந்தார். தண்ணீர் சிவப்பாக ஓடியது. துரைகளும் வெற்றிலை போடுவார்களா என்று கேட்டேன். அவர் துண்டைப் பிழிந்து மறுபடியும் தண்ணீரில் முக்கினார்.

தை மாசம் எனக்குத் தம்பி வருவான் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். தை பிறந்த அன்று, அவன் எந்த வழியாக வருவான் என்று ஆத்தாவிடம் கேட்டேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து ஊதிக்கொண்டே இருந்தாள்.