எட்டுச் சுற்றுச் சதுரம்

யுத்தம் முடிந்து முகாமிலிருந்து ஊருக்கு மீளக் குடியேறிய முதல் வருடத்தில் இலுப்பைக்கடவையில் எங்கள் பெண்கள் குழுவுக்குப் பொம்மை பின்னும் வேலை கிடைத்தது. கொக்கி ஊசியும் கம்பளி நூலும் தந்தார்கள். முயல், யானை, ஆமை என்று பின்னிக் கொடுத்தோம். மிஞ்சிய நூல் துண்டுகளை மற்றவர்கள் வெளியே வீச, நான் ஓர் உரப்பையில் சேர்த்தேன். எனக்கு எதையும் எறிய மனம் வராது. முகாமில் பழகிய குணம் என்பார் என் கணவர். அதற்கு முன்பே இருந்த குணம்தான்.

பின்னல் பழக்கிய ஆசிரியை ஒருநாள் வெளிநாட்டுக் கலண்டர் ஒன்று கொண்டுவந்தார். அதில் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றின் படம் இருந்தது. சதுரம் சதுரமாக, ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்பு; அதைச் சுற்றிப் பாதி வெளிர் நிறம், பாதி கடும் நிறம். துணியில் தைத்ததை நூலில் பின்னினால் என்ன என்று தோன்றியது. உடனே தங்கையின் நினைவு வந்தது.

தங்கை யுத்த காலத்தில் குடும்பத்தோடு படகேறி இந்தியா போனவள். அங்கே முகாமில் இருந்தாள். அவளுடைய காணி என் காணிக்கு அடுத்தது. வருவாள் என்று நம்பி அதையும் நானே பற்றை வெட்டித் துப்புரவாக்கி வைத்திருந்தேன். படத்தைப் பிரதியெடுத்துக் கடிதத்தோடு அனுப்பினேன். தொலைபேசியில் பேசி முடிவெடுத்தோம்: ஆளுக்கு இருபத்துநான்கு சதுரம், ஒவ்வொன்றும் எட்டுச் சுற்று. தன் பங்கை அவள் ஊருக்கு வரும்போது தன் பையிலேயே கொண்டுவருவாள். இருவரும் இருந்து சேர்ப்போம்.

"இந்த வெக்கைக்கு ஆர் இதைப் போர்க்கிறது?" என்று கணவர் கேட்டார்.

போர்க்க அல்ல, அவள் வருவதற்கு என்றேன்.

ஒரு சிக்கல் இருந்தது. சின்ன வயதில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு மேசைவிரிப்புப் பின்னினோம். என் கை இளக்கம், அவள் கை இறுக்கம். ஒரே எண்ணிக்கைதான், ஆனால் என் பாதி அகன்றும் அவள் பாதி சுருங்கியும் போய், விரிப்பு மேசையில் படியவே இல்லை. இரண்டு கிழமை முகம் பார்க்காமல் திரிந்தோம். அதனால் இந்த முறை நான் நூலை இழுத்து, அவளைப் போலவே இறுக்கிப் பின்னினேன். சுட்டுவிரலில் தழும்பு விழுந்தது. ஒரு சதுரம் கொஞ்சம் இளகினாலும் அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன். எல்லாம் முடிந்தபோது அவளே பின்னிவைத்தது போல இருந்தது.

பிறகு ஒருநாள், இந்தியாவிலிருந்து திரும்பி வெள்ளாங்குளத்தில் குடியேறிய ஒரு குடும்பம் செய்தி அனுப்பியது. தங்கை தந்துவிட்ட பார்சல் ஒன்று தங்களிடம் இருக்கிறதாம். அன்றே பஸ் ஏறினேன். தானே கொண்டுவருவதாகச் சொன்னவள் இன்னொருவர் கையில் ஏன் கொடுக்கிறாள்? சேலை ஏதும் அனுப்பியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

சதுரங்கள்தான். இருபத்துநான்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து என்னுடையவற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவளுடையவை ஒவ்வொன்றும் இரண்டு விரல் பெரிது. இவளுக்கு எண்ணவும் மறந்துபோயிற்றா என்று கோபம் வந்தது. எண்ணிப் பார்த்தேன். எட்டுச் சுற்றுத்தான். உடனே அழைத்தேன்.

"அக்கா, உங்கட கை இளக்கமெல்லோ. அதுக்குப் பொருந்தட்டும் எண்டு நானும் இளக்கிப் பின்னினனான்."

நான் செய்ததை அவளுக்குச் சொல்லவில்லை. எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்டேன். மூத்தவளுக்கு அங்கே கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறதாம். சின்னவனுக்கு இங்கே ஒருவரையும் தெரியாதாம். எல்லாம் நியாயமான காரணங்கள். நியாயமாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

"நீங்களே சேர்த்து முடியுங்கோ, அக்கா," என்றாள்.

என்னுடையவற்றை அவிழ்த்து, என் வழமையான கையால் பின்னினால் அளவு சரியாக வந்துவிடும். ஒரு மாத வேலை. ஒன்றை எடுத்து நுனி நூலைப் பிடித்தும் பார்த்தேன். இழுக்க முடியவில்லை. அவளுடைய இறுக்கமான கைவேலையைப் போல இந்த வீட்டில் இருப்பது அவை மட்டும்தான். நாற்பத்தெட்டையும் ஒரு சூட்கேசில் வைத்து மூடினேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாள். போர்வை முடிந்ததா என்று கேட்பாள்.

"நூல் போதாமல் கிடக்கு, பிள்ளை," என்பேன்.

உரப்பையில் பாதிக்கு மேல் நூல் இருக்கிறது. அடுத்த காணியில் பற்றை வளர வளர நான்தான் வெட்டுகிறேன்.