படத்தின் வலது ஓரம்

போன வருடம் வரை எங்கள் ஆலயத்தின் இணையத்தளத்தைத் திறந்தால் முதலில் வந்தது ஒரு படம். பீடத்தருகே நின்று சபையைப் பார்த்து எடுத்தது. அதன் வலது ஓரத்தில், முன் வாங்கில், சன்னலை ஒட்டி நீலச் சேலையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. பின்னால் எல்லா வாங்குகளிலும் சனம் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, அந்த இடம் மட்டும் ஏன் அப்படி என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுப்போகிற குழந்தைகளைத் தொட்டிலாட்டி வளர்த்த கை அது. எங்கள் சபையின் மாதர் சங்கத் தலைவி. வாய்க்காரி. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோகொப்பி, போன் ரிப்பேர் என்று நான் ஒரு கடை வைத்திருப்பதால், சபைக்கு இணையத்தளம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. கூடவே போதகரும் அக்காவும். மூன்று பேர் கூடி ஒரு முடிவுக்கு வருவது எவ்வளவு பெரிய பாடு என்று அந்த மாதம்தான் தெரிந்துகொண்டேன்.

மென்பொருளில் தகராறு வரவில்லை. போதகர்கள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்பவர்கள்; யார் வந்தாலும் போனிலிருந்தே அறிவித்தல் போடக்கூடிய ஒன்றை எடுத்துக்கொண்டோம். தளத்தின் தோற்றத்துக்கான டெம்ப்ளேட்டில்தான் மாட்டிக்கொண்டோம். போதகருக்குப் பிடித்தது திரை முழுக்கப் பெரிய படம் விரிகிற ஒன்று. மாதிரிக்கு அதில் கோதுமை வயலில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இவங்க நம்ம தோட்டத்துல எந்த டிவிசன் ஆளுங்க?" என்று கேட்டார்.

அதை எடுத்துவிட்டு ஆலயத்தின் கோபுரத்தைப் போடலாம் என்றார் போதகர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "கோயில் எங்கயும் ஓடிப் போகாதுங்க ஐயா. தூரத்துல இருக்கிற புள்ளைங்க பாக்க நெனைக்கிறது யார் வந்திருக்கா, யார் வரலன்னுதான். சனத்த எடுங்க." பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று படம் எடுப்பதா என்று போதகர் தயங்கினார். "நீங்க ஞாயித்துக்கெழம அப்படித்தானே நின்னு பிரசங்கம் பண்றீங்க?" என்றார் அக்கா. போதகரே சிரித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு நான் படம் எடுத்தேன். எடுப்பதற்குச் சற்று முன்பு ஒரு பெண் அக்காவின் பக்கத்தில் உட்கார வந்தார். அக்கா அந்த இடத்தின் மேல் கையை வைத்து, "ஆள் வருது" என்றார். யாரும் வரவில்லை.

தளம் தயாரான அன்று கடைக்கு வந்து பார்த்தார். கணினியில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. பிறகு தன் போனில் திறந்தார். போனின் ஒடுங்கிய திரைக்கு ஏற்றபடி அந்த டெம்ப்ளேட் படத்தை இரண்டு பக்கமும் வெட்டிக்கொள்ளும். நடுவில் இருந்தவர்கள் இருந்தார்கள். அக்கா இல்லை, பக்கத்து இடமும் இல்லை. விரலால் படத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார். அது நகரவில்லை. "உங்க மூஞ்சி தெரியலன்னு கோவமாக்கா?" என்று கிண்டல் செய்தேன். சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் சொன்னார். ஒரே மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அங்கேயே தன் விருப்பத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டாள். ஆத்திரத்தில் இவர், "இனிமே எனக்குக் கோல் எடுக்காத" என்று சொல்லியிருக்கிறார். மகளும் அதன் பிறகு போன் செய்யவில்லை. அவள் நம்பரும் மாறிப்போயிற்று. "வாயால கூப்பிட எனக்கு வராது தம்பி. அந்த எடம் கெடக்குறத பாத்தா அவளுக்கே வெளங்கும். அவ கையில இருக்கிறதும் போன்தானே."

அன்றே டெம்ப்ளேட்டை மாற்றினேன். போனில் படம் சிறியதாகத் தெரிந்தாலும் முழுதாகத் தெரிகிற சாதாரணமான ஒன்று. பழைய காலத்து நோட்டீஸ் மாதிரி இருக்கிறதே என்று போதகர் முகத்தைச் சுளித்தார். காரணத்தை நான் சொல்லவில்லை. அதன் பிறகு டவுனுக்கு வரும்போதெல்லாம் அக்கா கடையில் எட்டிப் பார்ப்பார். "குவைத்துல இருந்து யாரும் பாத்தாங்களா?" பார்த்திருந்தார்கள்; எந்த நாட்டிலிருந்து திறந்தார்கள் என்று தளத்தின் கணக்கு காட்டும். அங்கே நம் சனம் நிறைய இருப்பதால் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? "பாத்திருக்காங்கக்கா" என்பேன். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

அடைமழைக் காலத்தில் நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டது. மரண அறிவித்தலை நான்தான் தளத்தில் போட்டேன். புதிய அறிவித்தல் எதுவும் அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் வரும். மேலே இடம் பிடித்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருக்க, கீழே அவர் பெயரைத் தட்டச்சு செய்தேன்.

கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம் மகள் பெட்டியோடு கடை வாசலில் வந்து நின்றாள். அதே முகம். "படத்த அப்பவே பாத்துட்டேண்ணே. எடத்தையும் பாத்தேன், வெளங்கிருச்சு. கோல்ல பேசி அழ வேணாம், கிறிஸ்மஸுக்கு நேரா வந்து அம்மா பக்கத்துல உக்காந்துக்கலாம்னு லீவு சொல்லி டிக்கெட்டும் போட்டுட்டேன். அப்புறம் ஒரு நாள் அம்மாவ பாக்கலாம்னு கோயில் இணையப் பக்கத்த தெறந்தேன்..." எனக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. ஒரு கோல் போதுமே. தாய்க்கும் வீம்பு, மகளுக்கும் அதே வீம்பு. திட்ட வேண்டும் போல இருந்தது. தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

அவள் திரும்பிப் போகவில்லை. இந்த வருடம் வந்த புதிய போதகர் தளத்தைப் புதுப்பிக்கச் சொன்னார். பீடத்தருகே நின்று நானே மறுபடியும் படம் எடுத்தேன். அவருக்கும் பிடித்தது திரை முழுக்கப் படம் விரிகிற வகை டெம்ப்ளேட்தான், ஆனால் முந்தியதைவிடக் கொஞ்சமாகவே வெட்டுவது. போனில் பார்த்துவிட்டு, "வலது பக்கம் கொஞ்சம் வெட்டுது. பரவால்ல, அந்த ஓரத்துல யாரும் இல்லையே" என்றார்.

"இல்லீங்க ஐயா, பழைய டெம்ப்ளேட்டே இருக்கட்டும்" என்றேன்.

புதிய படத்தில், தனக்காக வைத்திருந்த இடத்தில் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா உட்கார்ந்த சன்னலோரம் காலியாக இருக்கிறது. அதன் மேல் அவள் கையை வைத்திருக்கிறாள்.